ஞாயிற்றுக்கிழமை வானத்தில் இன்னொரு கை

பறக்கும் சிறு விமானங்கள் செய்யும் இந்தப் பட்டறையில் சேர்ந்தவுடன் உங்களை எல்லாம் வால் செய்யத்தான் உட்கார வைப்பார்கள். இறக்கை கட்ட வந்தோம், மோட்டார் சுற்ற வந்தோம், இதென்ன மாதக்கணக்கில் வாலைப் பிடித்துக்கொண்டு என்று உங்களுக்கு எரிச்சல் வரும். வரட்டும். அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான்தான். திட்டுவதென்றால் தாராளமாக என்னையே திட்டுங்கள். ஓய்வு பெற்றவனைத் திட்டினால் சம்பளத்தில் பிடிக்கமாட்டார்கள்.

வேலை நுணுக்கத்தைச் சொல்ல நான் உட்காரவில்லை. அதெல்லாம் உங்கள் மேசையிலேயே கிடக்கிறது. விமானம் மேலே இருக்கும்போது, யோசிக்க நேரமே இல்லாதபோது எதை நினைத்து முடிவெடுப்பது என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது. எனக்கு அப்படி ஒரு நேரம் வந்தது. இங்கே சேர்வதற்கு முன்னால், கூடலூரில் தனியாகக் கிடந்த காலத்தில்.

தேனி அல்லிநகரத்தில் என் அக்காள் கணவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார் என்று எரிந்துபோய் வருவதற்கெல்லாம் பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்போம். தொழில் கற்றது அங்கேதான். கம்பம், கூடலூர் பக்கம் திராட்சைத் தோட்டங்கள் பெருகியதும் மச்சான் கூடலூரில் ஒரு கிளை போட்டு என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தார். கல்யாணம் ஆகாதவன், எங்கே போட்டாலும் கிடப்பான் என்பது அவர் எண்ணம். தப்பு சொல்ல முடியாது. கடைக்குப் பின்னால் ஒரு அறை, அதில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். தோட்டத்துக்காரர்கள் காலையில் மோட்டாரை இறக்கிவிட்டுப் போவார்கள், மாலையில் வந்து எடுத்துப் போவார்கள். “ரெடியாயிருச்சா?” என்ற ஒரு சொல்லைத் தவிர என்னிடம் யாரும் வேறு பேச்சுப் பேசியதாக நினைவில்லை.

கம்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. கம்பி வாங்கப் போகும்போது அங்கே ஒரு மணி நேரம் உட்காருவேன். அப்படித்தான் ஒருநாள் பார்த்தேன், எங்கேயோ வெளிநாட்டில் ஒருவர் பழைய சி.டி. டிரைவுக்குள் இருக்கும் குட்டி மோட்டாரை எடுத்து, கம்பியை மாற்றிச் சுற்றி, ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டிருந்தார். கிணற்று மோட்டாரோ சி.டி. மோட்டாரோ, சுற்றுகிற கைக்கு எல்லாம் ஒன்றுதானே. அன்று ராத்திரியே ஒன்றைச் சுற்றிப் பார்த்தேன். விசிறி மாட்டி ஓட்டினால் மேசையிலிருந்த பேப்பர் எல்லாம் பறந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். அந்த அறையில் என் சிரிப்புச் சத்தத்தை நானே அன்றுதான் முதலில் கேட்டேன்.

விமானத்தைத் தரையில் நின்று இயக்கும் ரேடியோ செட் வாங்கக் கோயம்புத்தூர் போனேன். பழைய செட் ஒன்றை விற்றவர் அங்கே விமானம் விடும் மைதானத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பழக்கம். மரப்பலகை ஒன்றில் துணி காயப்போடும் கிளிப்புகள் வரிசையாக மாட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சானல், அதாவது அலைவரிசை, எண். யார் செட்டை ஆன் செய்ய வேண்டுமென்றாலும் தன் சானலின் கிளிப்பை எடுத்துத் தன் ஏரியலில் மாட்டிக்கொள்ள வேண்டும். கிளிப் பலகையில் இல்லையென்றால் அதே சானலில் வேறொருவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார், காத்திருக்க வேண்டியதுதான். ஒரே சானலில் இரண்டு செட் ஆன் ஆகிவிட்டால் இரண்டு விமானமும் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் விழுந்துவிடும்.

எனக்கும் செட்டோடு ஒரு கிளிப் கொடுத்தார்கள். ஊருக்கு வந்து கொஞ்ச நாள் அதை ஏரியலில் மாட்டிக்கொண்டுதான் நின்றேன். பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் தேனியிலிருந்து குமுளி வரைக்கும் தேடினாலும் இந்தப் பைத்தியம் நான் ஒருவன்தான், யாரிடம் அனுமதி கேட்டு மாட்டுவது? அதன் பிறகு அந்தக் கிளிப்பில் என் லுங்கி காய்ந்தது.

பக்கத்து வீட்டில் செல்லப்பாண்டி என்று ஒரு ஜீப் டிரைவர். எஸ்டேட் வேலைக்குப் போகிற சனத்தைக் காலையில் ஏற்றிக்கொண்டு மலை ஏறிக் கேரளாவுக்குப் போவான், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவான். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லீவு, அன்றைக்கு மட்டும் ஜீப் சும்மா நிற்கும். அதனால் என் விமானமும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பறக்கும். ஊருக்கு வடக்கே ஒரு தரிசு நிலம் வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிடுவான், ஜீப் நிழலில் படுத்துத் தூங்குவான். பேச்சுத்துணை என்று சொல்ல முடியாது. குறட்டைத் துணை.

முதல் விமானம் சாதாரண ஒற்றை இறக்கை விமானம். நன்றாகப் பறந்தது. ஒருநாள் தரிசுக்குக் கிழக்கே ஓடும் ஆற்றுப் பக்கம் போனபோது வால் தானாக ஒரு வெட்டு வெட்டியது, நான் செட்டில் இருக்கும் ஸ்டிக்கைத் தொடவே இல்லை. இன்னொரு வெட்டு. தலைகுப்புற விழுந்தது. இரண்டாவது விமானமும் சில மாதம் பறந்து அதேபோல் துடித்து விழுந்தது. கடைக்குக் கொண்டுவந்து சோதித்தால் ஒரு குறையும் இல்லை. வார நாளில் கடை வாசலில் செட்டைப் போட்டுப் பார்த்தால் வால் பூப்போல அசையும். ஞாயிற்றுக்கிழமை மேலே போனால்தான் அந்த வியாதி வரும்.

நான் காயில் கட்டுகிறவன். என் புத்தி மோட்டாரைத் தாண்டிப் போகவில்லை. நான் சுற்றிய மோட்டார் கிளப்பும் மின் இரைச்சல்தான் விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவரைக் குழப்புகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். பிரித்தேன், சுற்றினேன், இரைச்சலை அடக்கக் கண்டென்சர் வைத்தேன், மறுபடி பிரித்தேன். ஒருமுறை அல்லிநகரத்திலிருந்து மச்சான் வந்திருந்தார். மேசையில் நாலு குட்டி மோட்டார் குடலை உருவிப் போட்டதுபோலக் கிடந்ததைப் பார்த்தார்.

“மாப்ளே, நீ கட்டுன மோட்டாரு ஊரு பூரா தண்ணி எறைக்குது. ஒனக்குன்னு கட்டுனது மட்டும் ஏன்யா இந்தக் குதி குதிக்குது?”

“அதான் மச்சான் தெரியல.”

“கை சரியில்லயோ என்னமோ. ஒடம்பப் பாத்துக்க. ஒங்கக்கா கேட்டாக.”

கேலியாகத்தான் சொன்னார். எனக்கு அது நெஞ்சில் போய்த் தைத்தது. தனியாக வேலை பார்ப்பவனுக்கு வரும் பெரிய நோய் இதுதான், எது கெட்டாலும் தன்னால்தான் கெட்டது என்று நினைப்பது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் “உன் மேல் தப்பில்லை, வேறு ஏதாவது இருக்கும்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் நான் அந்த மோட்டாரை எத்தனை தரம் பிரித்தேன் என்று எனக்கே தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் நம் பட்டறையைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தேன். அப்போது கல்லூரிகளுக்கு உள்பாகம் தெரியும்படி வெட்டிக் காட்டும் மாதிரிகள் மட்டும்தான் இங்கே செய்துகொண்டிருந்தார்கள். மின்சாரத்தில் பறக்கும் மாதிரி செய்ய ஆள் தேடினார்கள். அசல் விமானம் ஒன்றை அளவு மாறாமல் சிறிதாக்கிச் செய்து, எங்கள் கண் முன்னால் பறக்கவிட்டுக் காட்டுங்கள், பிறகு பேசலாம் என்றார் மேற்பார்வையாளர். தலையாட்டிவிட்டு வெளியே வரும்போது இந்த நீள மேசையைப் பார்த்தேன். சுற்றி ஆறேழு பேர் உட்கார்ந்து மரம் இழைத்துக்கொண்டே ஏதோ வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பசை கேட்டார். எதிரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார். சம்பளம் என்ன என்று கேட்கக்கூட மறந்துவிட்டேன். எனக்கு அந்த மேசையில் ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

பழைய பயிற்சி விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். மேலும் கீழுமாக இரண்டு இறக்கை, நடுவே குச்சிகளும் இழுகம்பிகளும். அசலில் ஆறில் ஒரு பங்கு. சிறு விமானத்துக்குப் போடும் லேசான பால்சா மரத்தை வடக்கே இருந்து வரவழைக்க வேண்டும், கட்டுப்படியாகாது. போடியில் இலவம் பஞ்சு ஆலைகளைச் சுற்றிக் காய்ப்பு ஓய்ந்த இலவ மரங்களை வெட்டிப் போட்டிருப்பார்கள். விறகுக்குக்கூட யாரும் மதிக்காத மரம். நன்றாக உலர்த்திச் சன்னமாக அறுத்தால் பால்சாவுக்குச் சித்தப்பா முறை வரும். கொஞ்சம் கனம், கொஞ்சம் முரடு, ஆனால் சொன்னதைக் கேட்கும்.

ஆசையில் வாலைத்தான் முதலில் செய்தேன். அசலில் இருந்த ஒவ்வொரு சட்டத்தையும் வைத்து, தேய்த்து, மெருகேற்றி, பார்க்கிறவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி செய்தேன். உடம்பில் பொருத்திப் பார்த்தால் விமானம் வாலைத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அந்த விமானத்துக்கு மூக்கு குட்டை, வால் நீளம். வாலில் ஒரு புளியங்கொட்டை எடை கூடினால் மூக்கில் நாலு புளியங்கொட்டை வைத்தால்தான் சமன் ஆகும். பேட்டரியை எவ்வளவு முன்னால் தள்ளினாலும் போதவில்லை. போதாக்குறைக்குச் சாரல் காலம். மேற்கு மலையைத் தாண்டி வரும் ஈரத்தைக் குடித்து அந்த வால் இன்னும் கனத்தது. வார்னிஷ் போட்ட காயிலைக் காய வைக்கக் கடையில் பல்பு எரியும் பெட்டி ஒன்று உண்டு. நான் பெரிய புத்திசாலி, அதற்குள் வாலை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் அப்பளமாகச் சுருண்டிருந்தது.

ஒரு வாரம் அதைத் தொடவில்லை. பிறகு புதிதாக ஒன்று செய்தேன், கண்ணுக்குத் தெரியாத சட்டங்களை எல்லாம் விட்டுவிட்டு. இன்னொன்றும் செய்தேன். வாலை அளவுப்படி வைத்தால் சிறிய விமானம் நிலைகொள்ளாது என்று மனதில் பட்டது, விரல் அகலம் பெரிதாக்கினேன். அளவு மாறக் கூடாது என்பது பட்டறையின் நிபந்தனை. அளவுக்கு நேர்மையாக இருப்பதா, காற்றுக்கு நேர்மையாக இருப்பதா என்று இரண்டு மனமாகத்தான் இருந்தது. காற்றை ஏமாற்ற முடியாது, மனிதர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று துணிந்தேன். இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. உங்களை வாலில் உட்கார வைப்பது இதற்காகத்தான். ஆசையை எங்கே அடக்குவது என்று அங்கே கற்றுக்கொண்டால் மற்றது தானாக வரும்.

தை அறுவடை முடிந்து காற்று அடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மேற்பார்வையாளர் வந்தார். காலை வெயில் ஏறுமுன் பறக்கவிட வேண்டுமென்று முந்தின நாளே கம்பத்துக்கு வந்து தங்கச் சொல்லியிருந்தேன். செல்லப்பாண்டி அன்று தூங்கவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வந்தவருக்கு ஜீப்பின் முன் சீட்டைத் துடைத்து உட்கார வைத்திருந்தான்.

“சார், எங்கண்ணே இதுக்காகச் சோறு தண்ணி இல்லாம கெடந்தாக. நீங்க ஒரு முடிவு சொல்லிட்டுத்தான் போகணும்” என்றான் அவரிடம்.

“பறக்கட்டும், பார்ப்போம்” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அந்தத் தரிசுக்குக் கிழக்கே திராட்சைப் பந்தல். பந்தலுக்கு அந்தப் பக்கம் முல்லைப் பெரியாறு. ஆற்றைத் தாண்டினால் தென்னந்தோப்பு. நான் செட்டைப் போட்டேன், எல்லாம் சரிபார்த்தேன், ஓடவிட்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், பத்தடிகூட ஓடவில்லை, தானாகவே தரையை விட்டுவிட்டது. இரண்டு இறக்கையிலும் இளவெயில் பட்டு, உள்ளே இருக்கிற சட்டமெல்லாம் நிழலாகத் தெரிந்தது. மேற்பார்வையாளர் ஜீப்பிலிருந்து இறங்கி நின்றார். இரண்டு சுற்று. அசல் விமானம் பறக்கிற அதே நிதானம். அவர் “அடடா” என்று சொன்னது என் காதில் விழுந்தது. மேசையில் எந்தப் பக்கம் உட்கார்வேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், கடவுளே.

மூன்றாவது சுற்றில் கொஞ்சம் அகலமாக, ஆற்றுப் பக்கம் போனேன். வால் ஒரு வெட்டு வெட்டியது.

மறுபடியும் அதே வியாதி. மோட்டார்தான், என் கைதான் என்று பழைய பாட்டு மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது. இடது பக்கம் திருப்பினேன். பாதி திரும்பிவிட்டுத் தானாக நிமிர்ந்தது. அந்த நேரத்தில்தான் தென்னை உச்சிகளுக்கு மேலே மஞ்சளாக ஒன்று கண்ணில் பட்டது. பட்டம் என்று நினைத்தேன். இலைகூட அசையாத காலையில் யார் பட்டம் விடுவார்கள்? உற்றுப் பார்த்தேன். இறக்கை இருந்தது. வால் இருந்தது.

விரலை இடது பக்கம் தள்ளினேன். அந்த மஞ்சள் இடது பக்கம் சாய்ந்தது. விட்டேன், நிமிர்ந்தது. வலது பக்கம் தள்ளினேன், வலது பக்கம் சாய்ந்தது.

அங்கே ஒருவர் இருக்கிறார். தோப்புக்கு அப்பால் எங்கேயோ நின்று, என் சானலிலேயே, ஞாயிற்றுக்கிழமை காலையில், என்னைப் போலவே ஒருவர் விமானம் விட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை காலம் என் வாலைத் தட்டியது என் மோட்டார் இல்லை, இன்னொரு மனிதரின் கை. என் கையும் அவர் விமானத்தை இப்படித்தான் தட்டியிருக்கும். அவரும் எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து, தன் மேல்தான் தப்பு என்று எதையோ பிரித்துப் பிரித்துப் பார்த்திருப்பார். இதெல்லாம் நினைக்க நேரம் ஏது என்று கேட்பீர்கள். நினைக்கவில்லை, ஒரே நொடியில் தெரிந்தது.

தப்பிக்க எனக்கு வழி இருந்தது. ஒரே சானலில் இரண்டு செட் இருந்தால் விமானம் எதற்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதன் பேச்சைத்தான் கேட்கும். இரண்டு விமானமும் நடுவழியில் இருந்ததால்தான் கொஞ்சம் என் பேச்சையும் கொஞ்சம் அவர் பேச்சையும் கேட்டுத் தவித்தன. இடது பக்கம் விரலை விடாமல் அழுத்திப் பிடித்து என்னுடையதை என் பக்கம் இழுத்துவிட்டால் போதும், அது என் கைக்கு வந்துவிடும். ஆனால் மஞ்சளும் அதே பிடியில் இடது பக்கம் சாய்ந்துகொண்டே போகும். என்னுடையது உயரத்தில் இருந்தது. மஞ்சள் தென்னைக்கு ஒரு ஆள் உயரம் மேலேதான் இருந்தது. நான் பிடித்தால் அது மட்டையில் போய் அடிக்கும்.

செட்டை அணைத்தேன்.

பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் விமானம் விழுந்தால் அவர் இந்த வேலையையே விட்டுவிடுவார் என்று பயந்தேன். அந்தப் பள்ளத்தாக்கில் எனக்குக் கிடைத்த ஒரே ஆளை என் விரலாலேயே விரட்ட எனக்கு மனம் வரவில்லை. சுயநலம்தான்.

அதன் பிறகு நடந்ததை நான் சும்மா நின்று பார்த்தேன். இரண்டு விமானமும் இப்போது ஒருவர் கையில். மஞ்சள் மூக்கைத் தூக்கியது, என்னுடையதும் தூக்கியது. மஞ்சள் வலது பக்கம் ஒரு அரைவட்டம் அடித்தது, என்னுடையதும் அடித்தது. பள்ளிக்கூடத்தில் டிரில் செய்யும் பிள்ளைகள்போல இரண்டும் ஒன்றாகச் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்து, மோட்டார் அடங்கி, ஒரே நிதானத்தில் கீழே வந்தன. அவ்வளவு அழகாக என் விமானத்தை நான்கூட இறக்கியதில்லை. மஞ்சள் தோப்புக்குப் பின்னால் மறைந்தது. அங்கே அவருக்குத் தரை இருந்தது. இங்கே பந்தல்தான் இருந்தது.

பந்தல் கம்பியில் பட்டு என் விமானத்தின் இலவ மரம் முறிகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

“அண்ணே, செட்ட அமத்திட்டீகளா? நான் பாத்தேன், நீங்களேதான் அமத்துனீக! ஏண்ணே?” செல்லப்பாண்டி அழுதுவிடுவான் போலிருந்தது.

மேற்பார்வையாளரும் அதையே கேட்டார். “இன்னொருத்தர் ஓட்டிக்கிட்டிருந்தார் சார், அங்கே, தோப்புக்கு மேலே” என்று கையைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை. என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். நல்ல மனிதர். “சொல்லி அனுப்புறோம்” என்றார். சொல்லி அனுப்பப் போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

எனக்கு அது உறைக்கவே இல்லை. “செல்லப்பாண்டி, வண்டிய எடு, அந்தக் கரைக்குப் போகணும்” என்று அவனைப் பிடித்துத் தள்ளினேன். மேற்பார்வையாளரைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு ஓடினோம். பந்தலுக்குள் கிடந்த விமானத்தைக்கூட எடுக்கவில்லை. ஆற்றை அங்கே கடக்க முடியாது. பாலத்துக்குப் போய், சுற்றி, தோப்புகளுக்கு நடுவே வண்டிப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். அவரைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். முதலில் சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா, செட்டைக் காட்டுவதா.

தோப்புக்குப் பின்னால் அறுத்த வயல் ஒன்று இருந்தது. வரப்பில் ஒரு அம்மா புல் அறுத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. வயலில் மோட்டார் சைக்கிள் டயர் தடம் புதிதாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் அகலமான ரப்பர் பேண்ட் ஒன்று. இறக்கையை உடம்போடு இழுத்துக் கட்ட நாங்கள் போடுவோமே, அதே ரப்பர் பேண்ட்.

“ஆத்தா, இங்கன வெளாட்டு ஏரோப்ளேன் விட்டவுக எங்க?” என்று கேட்டான் செல்லப்பாண்டி.

“இப்பத்தான்யா போனாக. வண்டில கட்டி வச்சுக்கிட்டு.”

“யாரு ஆத்தா, எந்த ஊரு?”

“யாருன்னு கண்டேன்? ஞாயித்துக்கெழம ஆனா வருவாக, விடுவாக, போவாக. யாருகிட்டயும் பேசமாட்டாக. பாவம், அந்தச் சாமானும் அடிக்கடி விழுந்துக்கிட்டே இருக்கும். இன்னைக்கு விழுகல. ஆனா மொகமே சரியில்ல. ‘போதும், போதும்’னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டே கட்டுனாக.”

கூடலூர் மோட்டார் கடையில் வந்து பார்க்கச் சொல்லுங்கள், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, செட்டும் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள் என்று அந்த அம்மாவிடம் இரண்டு தரம் சொன்னேன். “வந்தா சொல்றேன்யா” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே போய் அந்த வயலில் உட்கார்ந்தேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். அந்த அம்மா என்னைக் கண்டாலே இல்லை என்று தூரத்திலிருந்தே கையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். செல்லப்பாண்டி ஜீப் ஸ்டாண்டில் எல்லா டிரைவர்களிடமும் சொல்லி வைத்தான். கம்பத்திலும் கேட்டேன், சுருளிப்பட்டியிலும் கேட்டேன். மஞ்சள் ஏரோப்ளேனா என்று சிரித்தார்கள்.

அவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாத்தியாரா, பாங்க் ஆளா, குமுளியிலிருந்து இறங்கி வருகிற மலையாளியா, ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் எவ்வளவு மென்மையாக விமானத்தை இறக்குவார் என்பது மட்டும்தான்.

விமானத்தைப் பந்தலிலிருந்து எடுத்து ஒட்டினேன். இரண்டு வருடம் கழித்து, வேறொரு விமானத்தோடு மதுரைக்கு வந்தேன். அது ஒழுங்காகப் பறந்தது, மேசையில் இடம் கிடைத்தது. அந்த இடத்தில்தான் இப்போது உங்களில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அங்கே நான் நிறையப் பேசினேன், நிறையச் சிரித்தேன், பசை டப்பாவை நகர்த்தினேன். அந்தக் குறை தீர்ந்தது.

இப்போது உங்கள் செட்டுகள் வேறு மாதிரி. ஒரே மைதானத்தில் பத்துப் பேர் நின்று ஓட்டினாலும் ஒருவர் கை இன்னொருவர் விமானத்தைத் தொடாது. நல்ல முன்னேற்றம், நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் செய்த ஒன்று காரணம் தெரியாமல் கெட்டுப்போனால், உடனே உங்கள் கையைச் சந்தேகித்து எல்லாவற்றையும் பிரித்துப் போடாதீர்கள். முதலில் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பாருங்கள். பக்கத்தில் யாராவது இருக்கலாம்.

மதுரைக்கு வரும் வரைக்கும் அந்த இரண்டு வருடமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தத் தரிசுக்குப் போனேன். ஒட்டின விமானத்தைத் தரையில் வைத்து, அதன் ரிசீவரை மட்டும் ஆன் செய்துவிட்டு, என் செட்டை அணைத்தே வைத்திருப்பேன். வேறு யாராவது அந்தச் சானலில் ஸ்டிக்கை அசைத்தால் என் விமானத்தின் வால் அசையும். வாலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெயில் ஏறிய பிறகு என் செட்டைப் போட்டுப் பறக்கவிடுவேன். ஆற்றைத் தாண்டி, தோப்பைத் தாண்டி, அந்த வயலுக்கு மேலேயே கொண்டுபோய்ச் சுற்றுவேன். ஒருமுறைகூட விமானம் துடிக்கவில்லை. அவ்வளவு சுத்தமான சிக்னல். இடைஞ்சல் செய்ய அங்கே ஒருவரும் இல்லை.